நாளுக்கு நானூறு கிலோ

என் தம்பி பிராங்ளின் ஏழாம் வளைவில் இருபத்தொரு வருடம் பச்சைத் தேயிலை எடை போட்டான். அத்தனை வருடத்தில் எடை குறைந்துவிட்டது என்று ஒருவரும் அவனிடம் சண்டைக்கு வந்ததில்லை. ஒரே ஒரு சண்டைதான் நடந்தது. அதுவும் அவன் மனைவி ஷைனாவோடு. சொந்தத் தோட்டத்து இலையில் முத்தல் கலந்திருக்கிறது என்று, வரிசையில் நின்ற அவளையே சாக்கோடு திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டு நாள் அவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அவனும் பிள்ளைகளும் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

"ஏனுங்க அண்ணி, உங்க தம்பி தராசக் கட்டிக்கிட்டாரா, என்னயக் கட்டிக்கிட்டாரா?" என்று மூன்றாம் நாள் வந்து கேட்டாள்.

"ரெண்டையுந்தான். தராசு பதில் பேசாது, அதான் அது மேல பிரியம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அடுப்பு எரிந்தது.

அவனைப் பற்றி எழுதும்போது முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது ஊரில் அவனைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்தது நடந்தபடி எங்காவது இருக்க வேண்டும். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் தேதியும் கணக்கும் எனக்குத் தப்பாது.

ஏழாம் வளைவு என்பது குன்னூரிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிளைச் சாலையின் ஏழாவது திருப்பம். சாலைக்கு மேலும் கீழுமாக மூன்று அடுக்கில் நாற்பத்துநாலு வீடு. பெரும்பாலும் முக்கால் ஏக்கர் தேயிலை, சிலருக்கு அதற்கும் குறைவு. எங்கள் அப்பா எஸ்டேட் பேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்பில் வேலை செய்தவர். எண்பது சென்ட் வாங்கிப் போட்டுவிட்டு, பிராங்ளினுக்குப் பதினான்கு வயதாகும்போது இறந்துபோனார். அவன் பத்தாவது முடித்ததும் லாரியில் மூட்டை தூக்கப் போனான். இருபத்தாறு வயதில், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எங்கள் வளைவில் இலை வாங்கும் செட் ஒன்றைத் திறந்தபோது, எடை போடும் வேலைக்கு அவனை எடுத்தார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு தராசு, ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் செட்.

அது வந்ததில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். முதலில், விலை. மாதா மாதம் கரும்பலகையில் ஒரே விலை எழுதப்படும். மூன்று ஏக்கர்காரருக்கும் முப்பது சென்ட்காரிக்கும் அதே விலை. வருடத்துக்கு ஒருமுறை லாபத்தில் ஒரு பங்கு தீபாவளிக்கு முன்னால் வரும். எங்களைப் போன்றவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் துணிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகும். உரம் தட்டுப்பாடாக இருந்த வருடத்திலும் எங்கள் செட்டுக்கு உர மூட்டை வந்தது.

இரண்டாவது, ஆட்கள். தினமும் மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதால் ஊர்க் காரியம் தானாகப் பேசப்பட்டது. காலை ஏழு பத்துக்கு குன்னூர் பஸ் வந்ததே அந்த வரிசையில் நின்றுகொண்டு கையெழுத்து வாங்கியதால்தான். நாற்பத்துநாலு கையெழுத்தையும் வாங்கியவன் பிராங்ளின். கைநாட்டு வைத்தவர்களிடம் மனுவை இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினான்.

மூன்றாவதைச் சின்னம்மையை வைத்துச் சொல்ல வேண்டும். அவர் ஒன்பது வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு இங்கே வந்தவர். கீழ் அடுக்கில் கடைசி வீடு. செட்டை அவர் கடைசி வரை 'மடுவம்' என்றுதான் சொன்னார். அங்கே இலை நிறுக்கும் கொட்டகைக்கு அதுதான் பெயராம். கணவர் ஆண்டி இறந்த வருடமே அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. செடிக்கு நடுவே ஏறி இறங்க முடியாது. வருடத்துக்கு இத்தனை கிலோ என்று இலை கொடுக்காவிட்டால் உறுப்பினர் உரிமை போய்விடும். அதனால் சனிக்கிழமைதோறும் மூன்று வீட்டார் முறை வைத்து அவர் தோட்டத்தைப் பறித்தோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. பிராங்ளின் முறைச் சீட்டை எழுதி செட் சுவரில் ஒட்டினான். எட்டு வருடம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

"நான் வாசல்ல உக்காந்து கங்காணி வேல பாக்குறேன். கொழுந்து எடுக்க எனக்கு எத்தன ஆளு பாத்தியா, வெள்ளக்காரன் காலத்துல தொரைக்கிக்கூட இப்பிடி இல்ல" என்பார் சின்னம்மை.

பிறகு ஏஜெண்டுகள் வந்தார்கள். தனியார் பேக்டரிகளுக்கு இலை வாங்குபவர்கள். பிக்கப் வண்டி தோட்டத்து ஓரத்துக்கே வரும். செட்டுக்குச் சுமக்க வேண்டாம். முத்தலோ கட்டையோ பார்ப்பதில்லை. கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் முன்பணமும் உண்டு. பதின்மூன்று வீடு அந்தப் பக்கம் போயிற்று. மீதி முப்பத்தொன்று. மேல் அடுக்கில் பன்னிரண்டு, நடுவில் ஒன்பது, கீழே பத்து.

போன செப்டம்பர் கடைசியில் பேக்டரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிராங்ளின் அதைச் செட்டில் நின்று வாசித்தான். அக்டோபர் முதல் திங்களிலிருந்து இருபத்துநாலு வேலை நாள், நாளொன்றுக்கு நானூறு கிலோவுக்குக் குறையாமல் நல்ல இலை கொடுக்கும் செட்டுக்குத்தான் இனி லாரி வரும். குறைந்தால் செட் மூடப்பட்டு மேல்செட்டோடு சேர்க்கப்படும். மேல்செட் ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு அங்கே போய்வரக் கூடியவர்கள் எங்களில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

கீழ் அடுக்கு கோகிலவாணி கேட்டாள்: "ஒரு நாளு ஆயிரம் கிலோ குடுத்துட்டு மறுநாளு சும்மா இருந்தா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. லாரி தெனமும் வருது, டீசலும் தெனமும் ஊத்தணும். அதனால தெனமும் நானூறு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் புரிந்தது. புரியாமல் ஏமாந்துவிட்டோம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது பொய். நான் அங்கே நின்றிருந்தேன்.

தேயிலைச் செடியை ஒருமுறை பறித்தால் மறுபடி பறிக்கிற பதத்துக்குத் துளிர் வரப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். பிராங்ளின் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு முறைச் சீட்டு எழுதினான். திங்களும் செவ்வாயும் மேல் அடுக்கு, புதனும் வியாழனும் நடு அடுக்கு, வெள்ளியும் சனியும் கீழ் அடுக்கு. ஒவ்வொரு வீடும் தோட்டத்தை நாலு பங்காகப் பிரித்து, முறை வரும் நாளில் ஒரு பங்கை மட்டும் பறிக்க வேண்டும். நாலாவது பங்கு முடியும்போது முதல் பங்கில் துளிர் தயாராக இருக்கும். வீட்டுக்கு நாற்பது கிலோ. நடு அடுக்கில் ஒரு வீடு குறைவு என்பதால் எனக்கும் ஷைனாவுக்கும் தலா அறுபது என்று எழுதியிருந்தான். நான் அந்தக் கணக்கைச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. எந்தப் பேக்டரி அதிகாரியும் அதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது.

முதல் திங்கள் வந்தது. வெயில் நன்றாக இருந்தது. மேல் அடுக்குக்காரர்கள் பதினொரு மணிக்கே சாக்குகளோடு இறங்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடு விடாமல் வந்தது. அதைக் கீழ் அடுக்கு பார்த்தது. பதின்மூன்று வீடு ஏஜெண்டிடம் போன பிறகு, யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதுதான் எங்கள் ஊரில் முதலில் கவனிக்கப்படும் விஷயம். முதல் நாளே முகம் காட்டாவிட்டால் நாளைக்கு என்ன பேச்சு வருமோ என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. கல்யாண வீட்டுக்கு எல்லோரும் முகூர்த்தத்துக்கே வந்து நிற்பதைப் போல, மதியம் இரண்டு மணிக்கு முப்பத்தொரு வீடும் செட்டில் நின்றது. பறித்த இலையோடு.

என் முறை புதன். நானும் திங்களன்றே முப்பத்தெட்டு கிலோவோடு போய் நின்றேன்.

பிராங்ளின் சுவரில் ஒட்டிய சீட்டைக் காட்டினான். "ஏனுங்க, உங்களுக்கு வெள்ளிக்கெழமதானே போட்டிருக்கு?"

கோகிலவாணி சாக்கை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "அதனால என்னங்கண்ணா? பறிச்சாச்சு. மறுபடி செடியில ஒட்டி வைக்கவா முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பறித்த இலை மறுநாள் வரை தாங்காது. எடுக்காவிட்டால் ஏஜெண்டுக்குத்தான் போகும். முத்தலை ஆயிரம் முறை திருப்பி அனுப்பியவனுக்கு, தன்னை நம்பி வந்து நின்ற நல்ல இலையைத் திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு சாக்காக எடை போட்டான். ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.

லாரி ஓட்டும் பாலன் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "என்னங்க இது, ஊரையே மொட்டை அடிச்சுட்டீங்களா? முடி வளர்ற வரைக்கும் எதை ஏத்தறதுங்க?"

"வாய மூடிட்டு வண்டிய எடுங்க தம்பி, கண்ணு பட்டுரும்" என்றார் சின்னம்மை.

மறுநாள் எண்ணூற்று அறுபத்திரண்டு. முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரர் தன்னைவிட அதிகம் கொண்டு வந்துவிட்டார் என்று பலர் மறுபடியும் வந்தார்கள். புதன்கிழமை எழுநூற்று ஐந்து. அன்று சாயங்காலம் பிராங்ளின் வீடு வீடாகப் போனான். "தயவு பண்ணி முறைப்படி வாங்க" என்று கேட்டான். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் முக்கால்வாசித் தோட்டம் அதற்குள் வெறுமையாகியிருந்தது. வார முடிவில் மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ. பன்னிரண்டு நாளில் பறிக்க வேண்டியதை ஆறு நாளில் பறித்துவிட்டோம்.

இரண்டாம் வாரம் விட்ட மூலைகளைத் தேடிப் பறித்தோம். வரப்போரச் செடி, ஓடைக்கரைச் செடி, இன்னும் இரண்டு நாள் விட்டிருக்க வேண்டிய சின்னத் துளிர். நாளுக்குச் சராசரி நானூற்று நாற்பத்தைந்து வந்தது. பிஞ்சாகக் கிள்ளிய செடி திரும்பத் துளிர்க்க அதிக நாள் எடுக்கும். இது எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் கிள்ளினோம். அன்றன்றைய நானூறு ஆக வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் மிஸ்ட் இறங்கியது. காலையில் எதிர் வீடு தெரியாது. வெயில் இல்லாமல் துளிர் அப்படியே நின்றுவிட்டது. நானூற்று பதினெட்டு, நானூற்று ஒன்பது என்று முட்டி முட்டிப் போனோம். அந்த வாரம் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஷைனாவும் நானும் சின்னம்மை தோட்டத்தில் மண்டியிட்டு, செடிக்குள் கையை விட்டு ஒவ்வொரு குச்சியாகத் தடவிப் பார்த்தோம். கோகிலவாணி காய்ச்சலோடு பதினோரு கிலோ கொண்டுவந்தாள். பிராங்ளின் சாப்பிடும்போதுகூட உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

நாலாம் வாரம் திங்களன்று நானூற்று நாலு. அது பத்தொன்பதாம் நாள். அன்று வரை கொடுத்ததை நான் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ. இருபத்துநாலு நாளுக்குத் தேவையானதே ஒன்பதாயிரத்து அறுநூறுதான். மொத்தத்தில் அதைத் தாண்டி நாங்கள் கொடுத்தாகிவிட்டது. அந்தக் காகிதத்தை பிராங்ளினிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தான்.

"சரியாத்தான் கூட்டியிருக்கேக்கா" என்றான்.

செவ்வாய் நானூற்று ஒன்று. புதன்கிழமை, இருபத்தொன்றாம் நாள், எல்லோர் சாக்கும் எடை போட்டாகிவிட்டது. முந்நூற்று எழுபத்திரண்டு. லாரி வர அரை மணி நேரம் இருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அப்போது வேலன் வந்தான். ஏஜெண்டிடம் போன பதின்மூன்று பேரில் ஒருவன். ஆனால் உறுப்பினர் அட்டை இன்னும் அவனிடம் இருந்தது. தலையில் ஒரு சாக்கு, பின்னால் அவன் மச்சான் தலையில் ஒன்று.

"பிராங்ளிண்ணா, இருவத்தெட்டு கிலோதானே தொங்குது? இந்தாங்க, அறுவத்தஞ்சு இருக்கு. சனிக்கெழம வரைக்கும் நானே தெனமும் கொண்டாரேன். போடுங்க தராசுல."

"உனக்கு ஏன்டா இந்த அக்கறை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அக்கறை எனக்காகத்தானுங்க. இங்க பலகையில ஒரு வெலை எழுதியிருக்கறதாலதான் ஏஜெண்ட் எங்களுக்கு அதவிட ஒரு ரூவா கூடக் குறைக்கப் பயப்படறான். இந்தப் பலகை போச்சுன்னா அவன் சொன்னதுதான் வெலை."

அவன் சொன்னதைப் போல இந்த செட்டின் அருமையை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விட்டுப் போனவன்தான் சொன்னான்.

பிராங்ளின் சாக்கின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். கோணியை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தான். மொட்டும் இரண்டு இலையும் இளசாக இருப்பது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். ஐம்பது எண்ணினான். நல்ல பக்கம் பதினேழு. மற்றதெல்லாம் கத்தரி போட்டு வெட்டிய முத்தலும் காம்பும்.

"வேலா, இது ஆகாதுடா."

"இன்னிக்கி மட்டுந்தானுங்கண்ணா."

"சனிக்கெழம வரைக்கும்னு இப்பத்தானே சொன்னே?"

சின்னம்மை இரண்டு கையாலும் கம்பை ஊன்றி எழுந்து நின்றார். "தம்பி, நான் ஒன்னயக் கேக்குறேன். இத்தன நாளு கண்ணத் தொறந்து பாத்தது போதும். இந்த மூணு நாலு நாளைக்கி மூடிக்கய்யா. மடுவம் இல்லாட்டி நான் எங்க போவேன்?"

நான் தம்பியின் பக்கம் நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. "போட்டுக்கடா பிராங்ளி" என்று நானும் சொன்னேன்.

அவன் என்னைத்தான் பார்த்துப் பேசினான். "மேல பேக்டரிக்குப் போனதும் மத்த பதினாலு செட்டு எலையோட ஒண்ணாத்தானேக்கா அரைபடும்? இந்தக் காம்பு விழுந்தா மொத்த டீயும் நெறம் கெட்டு ஏலத்துல வெலை போகாம நிக்கும். அங்கயும் நம்மள மாதிரி முக்கா ஏக்கர்க்காரங்கதான். அவங்க பங்குல குறைச்சு நம்ம செட்ட ஓட்டறதா?"

"அவங்க நமக்கு ஒரு சாக்கு தூக்கிக் குடுத்தாங்களா?" என்று கோகிலவாணி கத்தினாள். "யாருன்னே தெரியாதவங்களுக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களே! சட்டம் பேசறவரு மொத நாளு எங்களத் திருப்பி அனுப்பியிருக்கோணும். அன்னிக்கி மட்டும் பல்லக் காட்டி வாங்குனீங்கல்ல?"

அவள் சொன்னது நிஜம்.

லாரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. பிராங்ளின் வேலனின் சாக்கைக் கட்டி, தானே தூக்கி அவன் தலையில் வைத்தான். நோட்டில் முந்நூற்று எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பாலன் அந்த எண்ணைப் பார்த்தான். கேலி ஒன்றும் பேசாமல் மூட்டைகளை ஏற்றினான்.

வேலன் போகும்போது சொன்னான்: "உங்க நேர்மைய பிரேம் போட்டு இந்த செவுத்துலயே மாட்டுங்கண்ணா. செவுரு மட்டுந்தான் மிஞ்சும்."

அடுத்த மூன்று நாள் முந்நூற்று நாற்பது, முந்நூற்று பதினெட்டு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. பலர் பறிக்கப் போவதையே விட்டுவிட்டார்கள். திங்களன்று பேக்டரியிலிருந்து கள அலுவலர் வந்தார். நல்ல மனிதர். நான் கூட்டிய காகிதத்தை பிராங்ளின் அவரிடம் கொடுத்தான். அவர் இரண்டு முறை பார்த்தார். "மொத்தத்துல நீங்க தாண்டிட்டீங்க. ஒரு நாள் தவறியிருந்தா நான் எப்படியாவது பேசியிருப்பேன். நாலு நாளுங்க" என்றார். காபி கொடுத்தோம். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த சனிக்கிழமை அதே லாரியில் தராசை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வேலன் சொன்னது நடக்க ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏஜெண்ட் முன்பு சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பான். இப்போது மூன்று கிலோ. விலையை இலை வண்டியில் ஏறிய பிறகுதான் சொல்கிறான். அதிகம் என்று தோன்றினால் இறக்கிக்கொள்ளலாமாம். இறக்கி எங்கே கொண்டு போவது? பிக்கப் இப்போது தோட்டத்து ஓரத்துக்கும் வருவதில்லை, சாலையோடு நின்றுவிடுகிறது. ஏழு பத்து பஸ்ஸை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜீப்புக்குக் காசு கொடுத்துப் போகிறார்கள். திரும்ப எழுதிக் கேட்கலாம் என்று நாலு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "யாரு முன்னால நிக்கறது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் இலையும் ஒவ்வொரு நேரத்துக்குப் போகிறது. ஊரை ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் இனி யாராவது சாகத்தான் வேண்டும்.

சின்னம்மை தோட்டத்தில் சனிக்கிழமை முறை இரண்டு வாரம் நடந்தது. மூன்றாம் வாரம் நானும் ஷைனாவும் மட்டும் போனோம். பறித்த பதினான்கு கிலோவை சாலை வரை சுமந்தோம். அன்றைக்குப் பிக்கப் வரவேயில்லை. இலை சிவந்துபோயிற்று. சின்னம்மை அதைப் பார்த்துவிட்டு, "விட்டுருங்கம்மா" என்றார். பொங்கல் முடிந்ததும் அக்கா மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். ஒற்றை அறை வீடு, மூன்றாவது மாடியாம். பறிக்காத தேயிலை சீக்கிரம் மரமாகிவிடும். இப்போதே என் தோளுக்கு மேல் நிற்கிறது.

பிராங்ளினை மேல்செட்டுக்கு எடை போடக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றார். இப்படி ஒரு ஆள் வேண்டும் என்று அலுவலரே சொல்லி எடுத்தாராம். இந்த மலையில் எத்தனையோ செட் இருக்க, அவர்களாகத் தேடி வந்து கூப்பிட்டது என் தம்பியைத்தான். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. செட்டை மூடிவிட்டு உத்தியோகம் வாங்கிக்கொண்டான் என்று. கோகிலவாணி என்னிடம் பேசுவாள், அவனிடம் பேசுவதில்லை. காலையில் எட்டு மணிக்கு மேல் அடுக்கு வழியாக ஏறிப் போகிறான். அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் யாராவது வாசலில் நிற்பார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான் ஒருமுறை மேல்செட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல செட். சிமெண்ட் தரை, மின் தராசு, ஐம்பது அறுபது பேர் வரிசை. அவன் ஒவ்வொரு சாக்கிலும் கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறான். வரிசையில் எனக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. ஏழாம் வளைவின் முப்பத்தொரு வீட்டில் ஒரு வீடும் அங்கே இலை கொடுப்பதில்லை. அவன் வீடு உட்பட. ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் ஷைனாவால் சுமக்க முடியாது. அவளும் சாலையோரத்தில்தான் நிற்கிறாள்.

அவனிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். "அன்னிக்கி வேலன் சாக்க வாங்கியிருந்தா என்னடா?"

"செட் இருந்திருக்கும்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வாரம் இன்னொருத்தன் கத்தரி போட்டுக் கொண்டாருவான். அவன எதச் சொல்லித் திருப்பறது?" எழுந்து வாசல் வரை போனவன் திரும்பினான். "ஆனா செட் இருந்திருக்குமேக்கா."

அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

நேற்று காலை பறித்த இருபத்திரண்டு கிலோவைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு நானும் ஷைனாவும் உட்கார்ந்திருந்தோம். பிக்கப் பதினொன்றுக்கு வரும் என்றார்கள், பிறகு இரண்டு என்றார்கள். ஐந்தரைக்கு பிராங்ளின் வேலை முடிந்து இறங்கி வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான். ஒரு சாக்குக்குள் கையை விட்டான். நெடுநேரம் அமுங்கிக் கிடந்தால் பச்சை இலை உள்ளுக்குள் சூடாகிவிடும்.

"கொதிக்குதே" என்றான்.

"ஏஜெண்ட் அதெல்லாம் பாக்கறதில்லீங்க. எதைக் குடுத்தாலும் எடுத்துக்குவான்" என்றாள் ஷைனா.

அவன் சாக்கை அவிழ்த்து, பாதிச் சாலையில் கோணியை விரித்து, இலையைக் கொட்டிக் கையால் பரப்பினான். முத்தல் இரண்டு மூன்று கண்ணில் பட்டது. பொறுக்கி ஓரமாகப் போட்டான். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிக்கப் வரவில்லை.